மொரிசாகி பந்தைப் பிடிக்கவே மாட்டான்

நாலு தடவை தோத்தாச்சு. நாலும் ஒரே எதிரணியிடம்: டோஹோ பள்ளி. 1988இல் டெக்மோ ஃபேமிகாமுக்காக வெளியிட்ட 'கேப்டன் ட்சுபாசா'வைத்தான் சொல்கிறேன். யோயிச்சி தகாஹாஷி 1981இல் தொடங்கிய கால்பந்து மங்கா 1983இல் அனிமே ஆனது. அதை வைத்து வந்த கேம் இது. ஈஸி, ஹார்ட் என்று தேர்வெல்லாம் கிடையாது. எல்லாருக்கும் ஒரே கஷ்டம்.

1992இல் அமெரிக்காவுக்கு இங்கிலீஷில் போனபோது ட்சுபாசா ராபின் ஆகிவிட்டான். அது எனக்கு வேண்டாம். ஜப்பானிய எழுத்து தெரியாது; எந்தக் கட்டளை எந்த இடத்தில் இருக்கிறது என்று மனப்பாடம் செய்துகொண்டேன்.

ஃபிஃபா பழகின கைக்கு முதலில் ஒண்ணும் புரியாது. எதிராளி குறுக்கே வந்ததும் ஆட்டம் அப்படியே நின்றுவிடும். ட்ரிபிளா, பாஸா, ஷூட்டா, ஒன்-டூவா என்று கேட்கும். சொன்னதும் அனிமே மாதிரி காட்சி ஓடும். பார்க்கத்தான் கால்பந்து, உள்ளே முழு ஆர்பிஜி. ஒவ்வொருத்தனுக்கும் 'கட்ஸ்' என்று ஒரு கணக்கு இருக்கிறது. தெம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். எது செய்தாலும் அதில் கொஞ்சம் குறையும். ட்சுபாசாவின் டிரைவ் ஷூட் ஏகத்துக்கும் தின்னும். நானோ பந்து கிடைத்தபோதெல்லாம் டிரைவ் ஷூட்தான். இரண்டாம் பாதியில் பையனால் ஒன்றும் முடியாது.

அதைவிடப் பெரிய தலைவலி நம்ம கோல்கீப்பர் மொரிசாகி. கதைப்படி நல்ல கீப்பரான வகாபயாஷி ஜெர்மனிக்குப் போய்விட்டான், மிச்சம் இவன்தான். டோஹோவின் ஹியூகா டைகர் ஷூட் அடித்தால் மொரிசாகி பந்தோடு பறப்பான். 'மொரிசாகி தூக்கி வீசப்பட்டான்' என்கிற வர்ணனை ஜப்பானில் இன்றைக்கும் ஒரு கேலி வசனம்.

நாலாவது தோல்விக்கு அப்புறம்தான் உறைத்தது. அவனைத் திட்டிப் புண்ணியமில்லை. ஹியூகா காலுக்குப் பந்து போனதே என் தப்பு. தடுக்கும்போதும் கேம் கேட்கும்: டாக்கிளா, பாஸ் கட்டா, ப்ளாக்கா? எதிராளி பாஸ் செய்வான் என்று ஊகித்தால் பாஸ் கட், வெட்டிப் போவான் என்றால் டாக்கிள். ஊகம் தப்பினால் போச்சு. நான் கோல் முனையில் நின்று ப்ளாக் செய்துகொண்டிருந்தேன். இந்தத் தடவை நடு மைதானத்திலேயே பாஸை வெட்ட ஆரம்பித்தேன். பந்தை முன்னே கொண்டுபோகும் வேலை மற்றவர்களுக்கு. ட்சுபாசாவின் தெம்பு கடைசிக்கு.

ஐந்தாவது ஆட்டத்தில் 2-1 என்று ஜெயித்தேன். ஆனால் ஒரு சந்தேகம். இந்த கேமில் தோத்தாலும் அனுபவப் புள்ளி ஏறும், ஆட்களின் லெவல் கூடும். அப்போ ஜெயிச்சது என் மூளையா, நாலு தோல்வியில் சேர்ந்த லெவலா? பிரித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன், லெவலுக்குக் கொஞ்சம் கூடவே.

சொல்ல மறந்துட்டேன். ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் டோஹோ ஒரு ஷாட் அடித்தது. ஹியூகா இல்லை, பேர் தெரியாத யாரோ. மொரிசாகி பிடிச்சுட்டான்.