வீட்டுக் கம்ப்யூட்டரில் விரல் நுனி யுக்திகள்

டைப்ரைட்டிங்கில் லோயர், ஹையர் பாஸ் செய்துவிட்டு, அந்தச் சான்றிதழை நம்பி பம்பாய்க்கும் டில்லிக்கும் ரயிலேறிய தமிழர்கள் ஏராளம். விசைப் பலகை நமக்குப் புதிதல்ல. ஆனாலும் ஆபீசில் மளமளவென்று டைப் அடிக்கும் கைகள்கூட, வீட்டுக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்ததும் ஒவ்வொரு காரியத்துக்கும் மவுஸைத் தேடுகின்றன. இரண்டு விசைகளைச் சேர்த்துத் தட்டினால் முடியும் வேலைக்கு நாலு இடத்தில் கிளிக் செய்வானேன்?

நேரம் மிச்சமாவது ஒரு லாபம்தான். அதைவிடப் பெரிய லாபம், பாடுபட்டு அடித்தது பாழாகாமலும், நம் சொந்த விஷயம் பிறர் கண்ணில் படாமலும் காப்பாற்றிக்கொள்வது. வின்டோஸ் 10, வின்டோஸ் 11 இரண்டுக்கும் பொருந்தும் சில யுக்திகளை இங்கே தருகிறோம்.

அடித்தது அழியாதிருக்க

முதலில் பழக வேண்டியது கன்ட்ரோல் விசையுடன் எஸ். ஒரு பாரா முடிந்ததும் இதைத் தட்டிவிட்டால், திடீரென்று கரண்ட் போனாலும் அதுவரை அடித்தது பத்திரமாக இருக்கும்.

தவறுதலாக எதையாவது அழித்துவிட்டால் பதற வேண்டாம். கன்ட்ரோலுடன் இசட் தட்டினால் கடைசியாகச் செய்த காரியம் ரத்தாகும். அழித்த பைல்களும் பெரும்பாலும் 'ரீசைக்கிள் பின்' என்ற குப்பைத் தொட்டியில் இருக்கும், எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஷிப்டுடன் டெலிட் தட்டினால் பைல் அந்தத் தொட்டிக்குப் போகாமல் நேரே தொலைந்துவிடும். பென் டிரைவிலிருந்து அழித்தாலும் அதே கதிதான். இந்த இரண்டிலும் ஒரு முறைக்கு இரு முறை யோசிப்பது நல்லது.

நகலும் ஒட்டலும்

கன்ட்ரோலுடன் சி நகல் எடுக்கும்; எக்ஸ் வெட்டும்; வி ஒட்டும். இந்த வெட்டி ஒட்டும் முறையை 1970-களில் கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கியவர்களில் முக்கியமானவர் லாரி டெஸ்லர். 2020-ல் அவர் காலமானார்.

பலருக்குத் தெரியாத ஒன்று, வின்டோஸ் விசையுடன் வி. முதல் தடவை தட்டும்போது அனுமதி கேட்கும். அனுமதித்துவிட்டால், அதன் பிறகு நகல் எடுத்தவற்றில் கடைசி 25 வரை ஒரு பட்டியலாக வரும். வேண்டியதைத் தேர்ந்து ஒட்டலாம். பல இடங்களிலிருந்து விவரம் திரட்டி மனு எழுதுவோருக்கு இது பெரிய சௌகரியம்.

இதில் ஓர் எச்சரிக்கை. பாங்க் கணக்கின் பாஸ்வேர்டை நகல் எடுத்தால் அதுவும் அந்தப் பட்டியலில் நிற்கும். நாலு பேர் உபயோகிக்கும் கம்ப்யூட்டரானால், வேலை முடிந்ததும் 'கிளியர் ஆல்' கொடுத்துத் துடைத்துவிட வேண்டும்.

எழுந்து போகுமுன்

ஒரே அறையில் நாலைந்து பேர் தங்கியிருக்கும் இடத்தில் கம்ப்யூட்டரைத் திறந்து போட்டுவிட்டு எழுந்து போவது, பணப்பையை மேஜைமேல் வைத்துவிட்டுப் போவதற்குச் சமம். வின்டோஸ் விசையுடன் எல் தட்டினால் திரை அந்தக் கணமே பூட்டிக்கொள்ளும். திறந்திருந்த வேலை அப்படியே இருக்கும். கம்ப்யூட்டருக்குப் பாஸ்வேர்டு வைத்திருந்தால்தான் இந்தப் பூட்டினால் பயன்.

திரை உறைந்துவிட்டால்

கன்ட்ரோல், ஆல்ட், டெலிட் மூன்றையும் சேர்த்து அழுத்தும் முறை 1981-ல் வந்த ஐ.பி.எம். கம்ப்யூட்டருக்காக டேவிட் பிராட்லி என்ற இன்ஜினீயர் அமைத்தது. அன்று அது கம்ப்யூட்டரையே மறுபடி துவக்கியது. இன்று ஒரு பட்டியலை மட்டும் காட்டுகிறது.

இன்னும் சுருக்கமான வழி கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப். இது 'டாஸ்க் மானேஜரை' நேரே திறக்கும். அசையாமல் நிற்கும் புரோகிராமைத் தேர்ந்து 'எண்ட் டாஸ்க்' கொடுத்தால் அது மட்டும் மூடும். அதில் சேமிக்காதது போய்விடும். மற்ற வேலைகள் தப்பும். பிளக்கைப் பிடுங்குவதைவிட இது எவ்வளவோ மேல்.

தமிழிலேயே எழுத

ஊருக்குக் கடிதம் எழுதத் தனிச் சாப்ட்வேர் வாங்கத் தேவையில்லை. 'செட்டிங்ஸ்' பகுதியில் மொழிப் பட்டியலில் தமிழைச் சேர்த்துக்கொண்டால் போதும். பிறகு வின்டோஸ் விசையுடன் ஸ்பேஸ் பாரைத் தட்டினால் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும், மறுபடி ஆங்கிலத்துக்கும் மாறலாம். உச்சரிக்கிறபடி ஆங்கில எழுத்துக்களைத் தட்டினால் தமிழில் விழும் பலகை, வின்டோஸ் 10-ன் 2019 மே மாதப் பதிப்பிலிருந்து கிடைக்கிறது. 1999-ல் தமிழக அரசு அங்கீகரித்த 'தமிழ் 99' பலகையையும் சேர்த்துக்கொள்ளலாம். அதில் உயிரெழுத்துக்கள் இடக்கைப் பக்கமும் மெய்கள் வலக்கைப் பக்கமும் இருப்பதால், டைப் பழகியவர்களுக்குச் சீக்கிரம் கை வந்துவிடும்.

எழுத்து சிறிதாகத் தெரிகிறது என்று கண்ணைச் சுருக்கும் பெரியவர்களுக்கு வின்டோஸ் விசையுடன் பிளஸ் குறி பூதக்கண்ணாடியாக உதவும். எஸ்கேப்புடன் சேர்த்துத் தட்டினால் பழையபடி ஆகும்.

வின்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு உதவி 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டது. ஆகவே அதை வைத்திருப்போர், கம்ப்யூட்டர் 11-ஐ ஏற்குமா என்று பார்த்து மாறிக்கொள்வது நல்லது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஒரு சீட்டில் எழுதித் திரையோரம் ஒட்டிவைத்து, நாளுக்கு ஒன்றாகப் பழகுங்கள். முதல் நாள் கன்ட்ரோலும் எஸ்ஸும்; மறுநாள் வின்டோஸ் விசையும் எல்லும். இந்த இரண்டு மட்டும் கைவந்தாலே பாதிக் கவலை தீர்ந்தது.