உங்களுக்குத் தெரியுமா? பிஸ்கட் டின்னுக்குள் இருக்கும் திருவிழா

இரத்தினபுரி மாவட்டத்துக் குருவிட்டவைச் சுற்றியுள்ள தோட்டங்களில் பல வீட்டு அலமாரிகளில் ஒரு பிஸ்கட் டின் உண்டு. உள்ளே பிஸ்கட் இருக்காது. சீடியும் டிவிடியும் இருக்கும். அக்காவின் கலியாணம், தங்கச்சியின் சடங்கு, கோயில் தேர், ஏதோ ஒரு மாசியில் ஆடிய காமன் கூத்து. எடுத்துப் பார்க்கத்தான் வழியில்லை. டிவிடி பிளேயர் பழுதாகி வருஷக்கணக்காகிறது. பிள்ளையின் படிப்புக்கு வாங்கிய லெப்டொப்பில் தட்டுப் போட இடமே கிடையாது. யூஎஸ்பி வயரில் சொருகும் வெளி ட்ரைவ் ஒன்று இருந்தால் அந்த டின் திறந்துகொள்ளும். இம்முறைத் துணுக்குகள் முழுக்க அதைப் பற்றியே.

● 2008 ஜனவரியில் அப்பிள் நிறுவனம் மெக்புக் எயார் லெப்டொப்பை அறிமுகம் செய்தபோது அதற்குள் டிஸ்க் ட்ரைவ் இல்லை. வேண்டியவர்களுக்குத் தனியாக ஒரு யூஎஸ்பி ட்ரைவை விற்றது. காரணம் தடிப்பு. லெப்டொப்புக்கென்று செய்த ட்ரைவே 12.7 மில்லிமீற்றர் தடிப்பு. மெல்லிய வகை 9.5 மில்லிமீற்றர். லெப்டொப் இன்னும் மெலிய வேண்டும் என்றால் ட்ரைவ் வெளியே போகத்தான் வேண்டும். மற்ற நிறுவனங்களும் ஒவ்வொன்றாக அதே வழியில் போயின.

● வெளி ட்ரைவின் மூடியைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே இருப்பது அதே லெப்டொப் ட்ரைவ்தான். கூட இருப்பது, சாட்டா இணைப்பை யூஎஸ்பியாக மாற்றும் ஒரு சின்னச் சேர்க்கிட் பலகை, அவ்வளவே. ஆகவே வீட்டில் திரை உடைந்த பழைய லெப்டொப் ஒன்று கிடந்தால் அதைத் தூக்கி எறிய வேண்டாம். பெரும்பாலானவற்றில் அடிப்பக்கத்து ஒரே ஒரு திருகாணியைக் கழற்றினால் ட்ரைவ் உருவிக்கொண்டு வரும். அதற்கான யூஎஸ்பி உறை மட்டும் தனியாக விற்கிறார்கள். வாங்கப் போகும்போது ட்ரைவையும் கையோடு கொண்டு போங்கள், 12.7க்கு ஓர் உறை, 9.5க்கு வேறோர் உறை. மிகப் பழைய லெப்டொப்புகளில் சாட்டாவுக்கு முந்திய ஐடிஈ இணைப்பு இருக்கும். அதற்கு இந்த உறை பொருந்தாது.

● ட்ரைவைச் சொருகியதும் “டிக்... டிக்...” என்று சத்தம் வந்து தட்டுச் சுற்றாமல் நிற்கிறதா? அவசரப்பட்டு பழுது என்று முடிவு கட்டாதீர்கள். என் ட்ரைவும் முதல் நாள் அப்படித்தான் செய்தது. கொண்டுபோய்த் திருப்பிக் கொடுக்கவே புறப்பட்டுவிட்டேன். உண்மையில் அதற்குப் பசி. யூஎஸ்பி 2 துளை ஒன்று 500 மில்லி அம்பியர் தரும், யூஎஸ்பி 3 துளை 900. தட்டுச் சுற்றத் தொடங்கும் அந்த நொடியில் சில ட்ரைவுகள் ஓர் அம்பியர் வரை கேட்கும். நான்கைந்து துளையுள்ள ஹப் வழியாகச் சொருகினால் அந்தக் கொஞ்சத்தையும் மற்ற சாமான்களோடு பங்கிட வேண்டி வரும். நேராக லெப்டொப்பில் சொருகுங்கள். உள்ளே நீல நிறம் தெரியும் துளை இருந்தால் பெரும்பாலும் அதுதான் யூஎஸ்பி 3. ஒரு முனையில் இரண்டு தலை உள்ள வயர் கிடைத்தால் இரண்டு தலையையும் இரண்டு துளையில் போடுங்கள். ஒன்று தரவுக்கும் மின்சாரத்துக்கும், மற்றது மின்சாரத்துக்கு மட்டும். என் ட்ரைவ் அப்படித்தான் இன்றுவரை ஓடுகிறது.

● சீ வகைத் துளை மட்டும் உள்ள புது லெப்டொப்புக்கு, சின்ன மாற்றி ஒன்று போதும். வேறு மென்பொருள் எதுவும் போட வேண்டியதில்லை. விண்டோஸ் தானாகவே ட்ரைவை அடையாளம் கண்டுகொள்ளும்.

● ஆனால் படம் ஓடாது! விண்டோஸ் 8 காலத்திலிருந்து டிவிடி படம் ஓட்டும் வசதியை மைக்ரோசொப்ட் இயங்குதளத்தோடு தருவதில்லை. ட்ரைவ் வாங்கியவர்கள் பாதி வழியில் கைவிடுவது இந்த இடத்தில்தான். வீஎல்சி என்ற இலவச மென்பொருளை இறக்கிக்கொண்டால் டிவிடியும் ஓடும், வீசீடியும் ஓடும். செம்மஞ்சள் வீதிக்கூம்பு அதன் அடையாளம். 1996இல் பிரான்சில் மாணவர்கள் தொடங்கிய வேலை அது. இன்றுவரை அதற்குக் காசு கேட்பதில்லை.

● பாட்டுச் சீடியைத் திறந்தால் ‘சீடிஏ’ என்று முடியும் கோப்புகள் வரிசையாகத் தெரியும். அவற்றை லெப்டொப்புக்கு இழுத்துப் போட்டால் ஒரு நொடியில் முடிந்துவிடும். ‘எவ்வளவு வேகம்!’ என்று சந்தோஷப்பட வேண்டாம். ஒவ்வொன்றும் 44 பைட் மட்டுமே. பாட்டு அதற்குள் இல்லை. பாட்டு தட்டில் எந்த இடத்தில் தொடங்குகிறது என்ற குறிப்புத்தான் இருக்கிறது. கோயில் பஜனைச் சீடியை இப்படிப் “பிரதி எடுத்து”, பிறகு தட்டையும் தொலைத்தால் கையில் மிஞ்சுவது வெறும் முகவரி. விண்டோஸ் மீடியா பிளேயரில் ‘ரிப்’ என்று ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால்தான் பாட்டு உண்மையாக லெப்டொப்புக்கு வரும்.

● வீடியோத் தட்டுகளில் இந்தச் சிக்கல் இல்லை. டிவிடி என்றால் ‘வீடியோ டீஎஸ்’ என்ற ஃபோல்டரை முழுதாகப் பிரதி எடுங்கள். படம் ஒவ்வொரு ஜீபித் துண்டாக வெட்டப்பட்டிருக்கும். ஒரு துண்டை விட்டுவிட்டால் தாலி கட்டும் இடம் போய்விடலாம். வீசீடி என்றால் ‘எம்பெக்ஏவி’ ஃபோல்டரில் ‘டாட்’ என்று முடியும் பெரிய கோப்புத்தான் படம். நிறைந்த டிவிடி ஒன்று, தட்டு நல்ல நிலையில் இருந்தால், 8 மடங்கு வேக ட்ரைவில் பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஏறிவிடும். கீறல் விழுந்தது மணிக்கணக்கில் இழுக்கும். இழுக்கட்டும், விட்டுவிடுங்கள். மழை பெய்து பால்வெட்டு நின்ற ஒரு நாள் போதும், ஒரு வீட்டு டின் முழுவதையும் முடிக்கலாம். இடி முழங்கினால் மட்டும் சார்ஜர் வயரைக் கழற்றிவிட்டு பற்றரியில் ஓட்டுங்கள்.

● முதலில் பார்ப்பதா, முதலில் பிரதி எடுப்பதா? பிரதிதான். நலிந்த தட்டு இன்றைக்கு ஒரு தடவை ஓடினால் நாளைக்கும் ஓடும் என்று சொல்ல முடியாது.

● 2001இல் ஸ்பெயின் தலைநகர் மட்ரிட்டின் இயற்கை அறிவியல் அருங்காட்சியக ஆய்வாளர்கள் ஒரு பூஞ்சணத்தைப் பற்றி அறிவித்தார்கள். மத்திய அமெரிக்காவில் உள்ள வெக்கையும் ஈரமும் நிறைந்த பெலீஸ் நாட்டிலிருந்து வந்த ஒரு சீடியில் அது இருந்தது. விளிம்பு வழியே நுழைந்த பூஞ்சணம், உள்ளே இருந்த அலுமினியப் படலத்தையும் பிளாஸ்டிக்கையும் அரித்திருந்தது. இதைப் படித்தபோது எனக்கு நம்ம ஊர்தான் கண்ணில் வந்தது. இரத்தினபுரிப் பக்கம் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கும் மேல் மழை. துவைத்த துணியே மூன்று நாளாகக் காயாத மாதங்கள் உண்டு. புதுச் சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தை எறியாமல் டின்னுக்குள் போடுங்கள். ட்ரைவையும் அதே டின்னில் வைக்கலாம்; அதன் வில்லைக்கும் ஈரம் ஆகாது.

● சீடியில் பளபளக்கும் பக்கத்தைத்தான் எல்லாரும் பொத்திப் பொத்தி வைக்கிறோம். ஆபத்து மறுபக்கத்தில்! தரவு இருக்கும் படலம், பெயர் எழுதும் பக்கத்தில், மெல்லிய அரக்குப் பூச்சு ஒன்றுக்குக் கீழேயே இருக்கிறது. பளபளக்கும் பக்கத்தில் 1.2 மில்லிமீற்றர் தடித்த பிளாஸ்டிக் காவல் உண்டு. அதனால் சீடியில் குமிழ்முனைப் பேனாவால் அழுத்திப் பெயர் எழுதக்கூடாது. டிவிடி வேறு மாதிரி: 0.6 மில்லிமீற்றர் தட்டு இரண்டை ஒட்டி, தரவை நடுவில் வைத்திருக்கிறார்கள்.

● துடைப்பது எப்படி? பிளேட் கழுவுவது போல வட்டமாக வேண்டாம். நடுத்துளையிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோடாகத் துடையுங்கள், மெல்லிய பருத்தித் துணியால். சீடியில் தடத்துக்குக் குறுக்கே விழும் கீறலை, ஏறக்குறைய 2.5 மில்லிமீற்றர் தரவு அழிந்தாலும், பிழை திருத்தும் கணக்கு ஈடுசெய்துவிடும். தடத்தின் வழியே நீளமாக விழும் கீறலுக்கு அந்தக் கணக்கு பலிக்காது. வட்டமாகத் தேய்த்தால் நாம் போடுவது அந்த இரண்டாம் வகைக் கீறல்.

● கிராமபோன் தட்டு வெளியிலிருந்து உள்ளே ஓடும். சீடி உள்ளிருந்து வெளியே ஓடும். ஒரே சுருள் தடம். அதை நீட்டிப் பிடித்தால் 5 கிலோமீற்றருக்கும் மேல், குருவிட்டவிலிருந்து இரத்தினபுரி நகருக்குப் போகும் வீதியில் ஏறக்குறைய பாதித் தூரம். வீட்டில் எழுதிய தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், நடுவைச் சுற்றி ஒரு வளையம் மட்டும் நிறம் மாறித் தெரியும். எழுதியது அவ்வளவுதான். அதற்கு வெளியே எத்தனை கீறல் இருந்தாலும் கவலையில்லை.

● நீலக்கல் தோண்டும் ஊர்க்காரர்களுக்கு ஒரு செய்தி. சீடியைப் படிப்பது 780 நனோமீற்றர் அகச்சிவப்புக் கதிர், டிவிடியை 650 நனோமீற்றர் சிவப்பு, புளூரேயை 405 நனோமீற்றர் ஊதா. கதிரின் அலை குறுகக் குறுக, தடத்தை நெருக்கி எழுதலாம். 700 எம்பி சீடி, 4.7 ஜீபி டிவிடி, 25 ஜீபி புளூரே ஆன கதை அது. அந்த ஊதா லேசரை 1990களில் ஜப்பானில் முதன்முதலாக உருவாக்கியபோது, ஒளிதரும் படிகத்தை வளர்க்க அடித்தட்டாக எடுத்தது செயற்கை நீலக்கல்லை. அதற்கும் முந்திய காலத்தில் கிராமபோன் ஊசிமுனைக்கும் நீலக்கல் போனது.

● சீடிக்கு இலங்கைத் தமிழில் இறுவட்டு என்றும் இறுவெட்டு என்றும் எழுதுகிறோம். தமிழ்நாட்டில் குறுந்தகடு.

● கனடாவிலிருந்து மாமா அனுப்பிய படத் தட்டு ஓடவில்லையா? விற்பனைக்கு வரும் டிவிடிகளில் வட்டார எண் உண்டு. இலங்கையும் இந்தியாவும் 5, கனடா 1, பிரிட்டன் 2. ட்ரைவின் வட்டாரத்தை மாற்றலாம், ஆனால் ஐந்து தடவை மட்டுமே. அதன் பிறகு கடைசியாகப் போட்ட எண் நிரந்தரமாகிவிடும். ஒரு படத்துக்காக அதில் கை வைக்க வேண்டாம். குடும்ப வீடியோக்களில் இந்தப் பூட்டுக் கிடையாது.

● டிஸ்கில் பதியும் வகைக் கமராக்கள் ஒருகாலம் வந்தன. அவற்றின் 8 சென்ரிமீற்றர் குட்டி டிவிடி சில வீடுகளில் இருக்கிறது. தட்டு நீட்டும் ட்ரைவில் நடுக்குழியில் வைத்தால் படிக்கும். வாயால் விழுங்கும் வகை ட்ரைவில் போட்டால் சிக்கிக்கொள்ளும். இன்னொன்றும் கவனம். பதிந்து முடித்ததும் கமராவில் ‘ஃபைனலைஸ்’ செய்யாத தட்டு, லெப்டொப்பில் வெறுமையாகத் தெரியும். “ஃபோர்மட் செய்யவா?” என்று விண்டோஸ் கேட்கலாம். வேண்டாம் என்று சொல்லுங்கள், தயவுசெய்து. படம் உள்ளேதான் இருக்கிறது. அதே வகைக் கமராவைத் தேடிப்பிடித்தால் முடித்துக்கொள்ளலாம்.

● ஸ்கேன் எடுத்தபோது கொடுத்த சீடியை கிளினிக் கொப்பியோடு பத்திரப்படுத்துங்கள். அதில் இருப்பது சாதாரணப் படமல்ல, டைகொம் என்ற மருத்துவ வடிவம். படத்தை மட்டும் பொறுக்காமல் தட்டு முழுவதையும் ஒரு ஃபோல்டராகப் பிரதி எடுத்தால், அடுத்த வைத்தியரிடம் பென் ட்ரைவில் கொண்டு போகலாம்.

● சங்கத்துக் கடிதம், பழைய வினாத்தாள், கோயில் கணக்கு இவற்றைத் திறந்தால் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்தாகக் கொட்டுகிறதா? கோப்புக் கெடவில்லை. அது பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தது. யூனிகோட் பரவும் முன் இலங்கையில் பெரும்பாலும் அதில்தான் அடித்தோம். அந்த எழுத்துருவை லெப்டொப்பில் நிறுவினாலே தமிழ் தெரியும். பாமினியை யூனிகோடாக மாற்றித் தரும் இலவச வசதிகளும் இருக்கின்றன.

● குருவிட்டவுக்கு அருகே பட்டதொம்பலென குகையில் 30,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட சின்னஞ்சிறு கற்கருவிகள் கிடைத்தன. கல் அத்தனை காலம் தாங்கியது. கடையில் எழுதித் தந்த சீடியில் தரவைத் தாங்குவது ஒரு சாயப் பூச்சு. வெயில் பட்டாலே வெளுக்கத் தொடங்கும். எழுதக்கூடிய புளூரே தட்டுத் தயாரிப்பை சோனி 2025 பெப்ரவரியோடு நிறுத்திவிட்டது. ஆகவே தட்டிலிருந்து தட்டுக்கு மாற்றுவதில் பயனில்லை. ஒரு பிரதி லெப்டொப்பில், இன்னொன்று வெளி ஹார்ட் டிஸ்கில், முடிந்தால் மூன்றாவது ஊருக்கு வெளியே இருக்கும் சொந்தக்காரர் வீட்டில். 2003 மே, 2017 மே வெள்ளங்களைப் பார்த்த மாவட்டம் இது. எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் வைக்க எனக்கு மனம் வராது.

● காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் போன்றவை பதிவான தட்டு உங்களிடம் இருந்தால் அது உங்கள் குடும்பத்துக்கு மட்டும் உரியதல்ல. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் இலங்கைத் தமிழரின் எழுத்துகளை இணையத்தில் சேர்த்து வருகிறது. ஒலி, ஒளிப்பதிவுகளுக்கு ஆவணகம் என்ற தனிப் பகுதியும் வைத்திருக்கிறது. மலையகத்துப் பதிவுகளுக்கு அங்கே இடம் உண்டு. ஆடியவர்களையும் எடுத்தவரையும் கேட்டுக்கொண்டு அனுப்புங்கள்.

● ஒரு தோட்டத்துக்கு ஒரு ட்ரைவ் தாராளம். கோயில் கமிட்டியோ வாசிகசாலையோ வாங்கி வைத்தால் வீடு வீடாகச் சுற்றும்.

● ‘வீடியோ டீஎஸ் 7’ என்ற பெயர் பத்து வருஷம் கழித்து யாருக்கும் எதையும் சொல்லாது. பிரதி எடுத்து முடிந்த மாலை, கொழுந்துக்குப் போய் வந்த பாட்டியை லெப்டொப் முன்னால் உட்கார வையுங்கள். கூத்து ஓடட்டும். ரதி வேஷம் கட்டியது யார், தப்பு அடிப்பது யார், பின்னால் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பது எந்த வீட்டுப் பொண்ணு என்று அவர் சொல்லச் சொல்ல ஒரு கொப்பியில் எழுதுங்கள். பிறகு கோப்பின் பெயரை மாற்றுங்கள்: ஆண்டு, மாதம், ‘காமன் கூத்து’, ‘மேற்பிரிவு’, ரதியாக ஆடியவர் பெயர்.