யானை நம்முடையது, அங்குசம் யாரிடம்?

இன்று கல்லூரி என்றால் வகுப்பறையும் நூலகமும் ஆய்வுக்கூடமும் மட்டுமல்ல. கண்ணுக்குத் தெரியாத ஒரு வலையும் அதில் அடக்கம். சேர்க்கை விண்ணப்பம், உதவித்தொகை, தேர்வுக் கட்டணம், மதிப்பெண் அனைத்தும் அவ்வலையின் வழியாகவே ஓடுகின்றன. வலை ஒரு மணி நேரம் நின்றால் அலுவலகத்தின் முன் மாணவர் வரிசை நிற்கிறது. அந்த வலைக்கான கருவிகளைச் செய்யும் பெரிய நிறுவனங்கள் ஒன்றையொன்று விலைக்கு வாங்கி வருகின்றன. எங்கோ அமெரிக்காவில் நடக்கும் வியாபாரம் நமக்கெதற்கு என்று இருந்துவிட முடியுமா? முடியாது என்பதை என் சிற்றறிவுக்கு எட்டிய வரையில் விளக்க முயல்கிறேன்.

பொதுவழி பிறந்த கதை

கல்லூரி வலையின் உறுப்புகள் நான்கு: கட்டடங்களை இணைக்கும் கேபிள், கணினிகளைச் சேர்த்துவைக்கும் ஸ்விட்ச், கூரையில் தொங்கும் வைஃபைப் பெட்டி, இவற்றையெல்லாம் மேய்க்கும் கன்ட்ரோலர் என்ற மேலாண்மை மென்பொருள்.

கேபிளில் செய்தி ஓடும் முறைக்கு ஈதர்நெட் என்று பெயர். 1973ஆம் ஆண்டில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வகத்தில் ராபர்ட் மெட்காஃபும் அவருடைய தோழர்களும் இதை உருவாக்கினர். 1980இல் ஜெராக்ஸ், இன்டெல், டிஜிட்டல் ஆகிய மூன்று நிறுவனங்கள் இதன் விதிகளை வெளியிட்டன. 1983இல் ஐ.இ.இ.இ. என்ற பொறியாளர் சங்கம் இதனை 802.3 என்ற எண்ணில் பொதுத் தரமாக ஏற்றது. வைஃபைக்கு 802.11 என்ற தரம் 1997இல் வந்தது. இவற்றின் பயனாகவே எந்தக் கம்பெனிக் கணினியையும் எந்தக் கம்பெனி ஸ்விட்சிலும் நாம் செருக முடிகிறது.

அப்படியானால் கவலை எதற்கு?

பூட்டு எங்கே இருக்கிறது?

கேபிளில் பூட்டு இல்லை. அதற்கு மேலே இருக்கிறது.

முதலாவது, ஒளியிழையை ஸ்விட்சோடு சேர்க்கும் எஸ்.எஃப்.பி. என்ற விரல் நீளச் சிறு உறுப்பு. அதன் வடிவம் எல்லோருக்கும் பொதுவானது. ஆனால் அதனுள் இருக்கும் சிறு நினைவகத்தில் செய்தவர் பெயர் எழுதப்பட்டிருக்கும். சில ஸ்விட்சுகள் அப்பெயரைப் படித்துப் பார்த்து, தம் கம்பெனிப் பெயர் இல்லையேல் ஏற்க மறுக்கும்.

இரண்டாவது, வைஃபைப் பெட்டியும் கன்ட்ரோலரும் பேசிக்கொள்ளும் மொழி. இதற்கும் 2009இல் கேப்வாப் என்ற பொது விதி வந்தது. ஆயினும் கம்பெனிகள் தத்தம் சொந்தச் சேர்க்கைகளைப் புகுத்தியதால், ஒன்றின் பெட்டி மற்றொன்றின் கன்ட்ரோலருக்குப் பெரும்பாலும் கட்டுப்படுவதில்லை.

மூன்றாவது, ஆண்டுச் சந்தா. பெட்டியை விலை கொடுத்து வாங்கிய பின்னும் மென்பொருளுக்கு உரிமக் கட்டணம் கட்ட வேண்டும். சில வகைகளில் உரிமம் தீர்ந்தால் பெட்டியே வேலைநிறுத்தம் செய்துவிடும்.

நான்காவது, நம் தலைக்குள் இருக்கும் பூட்டு. ஒரு கம்பெனியின் கட்டளைகளை மட்டும் கற்ற ஊழியர் மறு கம்பெனிப் பெட்டியைக் கண்டால் தயங்குவார்.

எங்கள் மம்சாபுரத்தில் இதை விளக்க ஒரு பசு மாடு போதும். மாடு வாங்கப் பால் வியாபாரி முன்பணம் கொடுப்பார். கடன் தீரும்வரை பாலை அவருக்கே ஊற்ற வேண்டும். மாடு நம்முடையது; புல் நம்முடையது; கறக்கும் கை நம்முடையது. விலை மட்டும் அவருடையது. எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு முன்பணம் இருந்தது. பக்கத்துத் தெருவில் இன்னொரு வியாபாரி இருந்த வரையில், "கடனை அடைத்துவிட்டு அங்கே ஊற்றுவோம்" என்று சொல்லவாவது ஒரு வாய்ப்பு இருந்தது. இருவரும் கூட்டுச் சேர்ந்துவிட்டால் அந்தப் பேச்சும் போய்விடுமல்லவா? நிறுவன இணைப்பின் சாரமும் இதுவே.

கைமாறிய பெட்டிகள்

மெட்காஃப் 1979இல் தொடங்கிய 3காம் நிறுவனம் 2010இல் ஹெச்.பி.யின் வசமாயிற்று. வைஃபையில் புகழ்பெற்ற அரூபாவையும் 2015இல் ஹெச்.பி.யே வாங்கியது. ரக்கஸ் என்ற மற்றொரு வைஃபை நிறுவனத்தை 2016இல் புரோகேடும், 2017இல் ஆரிஸும் வாங்கின. 2019இல் அந்த ஆரிஸையே காம்ஸ்கோப் வாங்கியது. மூன்றாண்டில் மூன்று எசமானர்கள்! பே நெட்வொர்க்ஸ் 1998இல் நார்டெல்லுக்குச் சென்றது. நார்டெல் 2009இல் திவாலானபோது அதன் நிறுவன வலைத் தொழில் அவாயாவுக்கும், அங்கிருந்து 2017இல் எக்ஸ்ட்ரீமுக்கும் சென்றது.

இவ்வரிசையில் மற்றொரு நிகழ்ச்சி ஹெச்.பி. எண்டர்பிரைஸ் ஜூனிப்பரை வாங்கியது. 2024 சனவரியில் 1,400 கோடி டாலர் விலையில் அறிவிப்பு வந்தது. 2025 சனவரி 30இல் அமெரிக்க நீதித்துறை இதை எதிர்த்து வழக்குத் தொடர்ந்தது. இணைந்த நிறுவனமும் சிஸ்கோவும் சேர்ந்து, அந்நாட்டில் பெரிய அமைப்புகளுக்கான வைஃபைச் சந்தையில் 70 விழுக்காட்டுக்கு மேல் வைத்திருக்கும் என்பது அதன் வாதம். சூன் மாதம் உடன்பாடு ஏற்பட்டது. 'இன்ஸ்டன்ட் ஆன்' என்ற பிரிவை விற்கவும், ஜூனிப்பரின் மிஸ்ட் மென்பொருளில் ஒரு பகுதியின் மூல நிரலை ஏலத்தில் பிறருக்கு உரிமம் தரவும் ஒப்புக்கொண்டு, சூலை 2இல் இணைப்பு முடிந்தது. பூட்டு மென்பொருளில்தான் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இணைப்பெல்லாம் தீமை என்று நான் கூறவில்லை. நார்டெல் விழுந்தபோது வாங்க ஆளில்லாதிருந்தால் அதன் கருவிகளை வைத்திருந்தோர் அநாதைகளாகியிருப்பர். எனினும் எந்தப் பெட்டி தொடரும், எது கைவிடப்படும் என்று முடிவு செய்கிறவர் வாங்கிய முதலாளியே. பயன்படுத்தும் கல்லூரி அன்று.

நம் நாடு கண்ட பாடம்

இந்தியாவுக்கு இது புதிதன்று. ஐ.பி.எம். நிறுவனம் இங்கே தன் கணினிகளைப் பெரும்பாலும் வாடகைக்கே விட்டிருந்தது. பழுது பார்ப்பதும் அதன் ஆட்களே. 1973ஆம் ஆண்டு அந்நியச் செலாவணிச் சட்டப்படி அயல்நாட்டுப் பங்கை 40 விழுக்காடாகக் குறைக்க அது இசையாமல் 1978இல் வெளியேறியது. நல்வேளையாக, 1975இலேயே மைய அரசு சி.எம்.சி. என்ற பராமரிப்பு நிறுவனத்தை அமைத்திருந்தது. நம் பொறியாளர்கள் அக்கணினிகளின் பராமரிப்பை ஏற்று நடத்தினர். அந்தச் சி.எம்.சி.யும் 2015இல் டி.சி.எஸ்.ஸோடு இணைந்துவிட்டது. நிறுவனங்கள் வரும், போகும். கற்ற அறிவே நிற்கும்.

நாம் செய்யத்தக்கவை

அரசுக் கல்லூரிக்குக் கருவி வாங்கும் நிதி என்றோ ஒரு நாள் வருகிறது. உரிமக் கட்டணமோ ஆண்டுதோறும் வருகிறது. இந்த இரண்டுக்கும் இடையே உள்ள பள்ளத்தில்தான் எங்களைப் போன்ற மாணவர் விழுவோம். கட்டணம் கட்டி வெளியே இணையம் பெற எல்லோராலும் இயலாது. ஆகவே வாங்கும் நாளிலேயே சில வினாக்களைக் கேட்க வேண்டும். ஐந்தாண்டுக்கு ஆகும் மொத்தச் செலவு என்ன? உரிமம் தீர்ந்தால் பெட்டி ஓடுமா? பிற கம்பெனி உறுப்புகளை ஏற்குமா? நிறுவனம் கைமாறினால் எத்தனை ஆண்டு ஆதரவு எழுத்தில் கிடைக்கும்? அமைப்பு விவரங்களைப் பொது வடிவில் எடுத்துக்கொள்ள இயலுமா? மின்னாளுகைக்குத் திறந்த தரங்களே வேண்டும் என்று இந்திய அரசு 2010இலேயே கொள்கை வகுத்திருக்கிறது. அதே நெறி கல்லூரி வலைக்கும் பொருந்தும்.

மாணவர்க்கும் ஒரு கடமை உண்டு. என் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். ஒரு கம்பெனியின் சான்றிதழ் வேலை வாங்கித் தரும் என்றால் அதைப் பெறத்தான் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் கம்பெனியின் கட்டளையை மனப்பாடம் செய்யும் முன் அதன் அடியில் உள்ள பொதுத் தரத்தைக் கற்போம். 802.3 எந்த முதலாளிக்கும் விலை போகாது. அதைக் கற்றவனும் எந்த இணைப்பிலும் வேலையற்றுப் போகான்.

யானையை விலை பேசும்போதே அங்குசத்தையும் கேட்டு வாங்குவோம்.