அடிக்குறிப்பை அடிக்கு அனுப்பும் நிரல்

எழுதுபவருக்கு அடிக்குறிப்பு வரியின் நடுவிலேயே இருப்பதுதான் வசதி. தோன்றிய இடத்தில் எழுதிவிடலாம். பத்தியை வெட்டி வேறிடத்தில் ஒட்டினால் குறிப்பும் கூடவே போகும். வாசிப்பவருக்கோ அது இடைஞ்சல். நான்கு வரி விளக்கத்தைத் தாண்டி வருவதற்குள் எழுவாய் மறந்துவிடும். இருவர் தேவையையும் நிறைவேற்ற இருபது முப்பது வரிப் பைத்தான் நிரல் போதும்.

ஜான் குரூபர் 2004இல் வெளியிட்ட மார்க்டவுன் எழுத்துமுறையில் அடிக்குறிப்புக்கு வழி இல்லை. ஜான் மெக்ஃபார்லேன் என்ற தத்துவப் பேராசிரியர் உருவாக்கிய பாண்டாக் கருவி அதற்கு இரண்டு வடிவங்களை ஏற்கிறது. வரிக்குள் எழுதுவது ஒன்று:

சீவக சிந்தாமணியை^[திருத்தக்கதேவர் இயற்றியது.] உ.வே.சா. 1887இல் பதிப்பித்தார்.

எண் இட்டுப் பிரிப்பது மற்றொன்று:

சீவக சிந்தாமணியை[^1] உ.வே.சா. 1887இல் பதிப்பித்தார்.

[^1]: திருத்தக்கதேவர் இயற்றியது.

முதல் வடிவத்தை இரண்டாவதாக மாற்றுவதே நிரலின் வேலை. '^[' தொடங்கி அடுத்த ']' வரை எடுத்துவிடு என்று சொன்னால் போதாதா? குறிப்புக்குள்ளேயே இன்னொரு சதுர அடைப்பு வந்தால், உள் அடைப்பு மூடும் இடத்திலேயே குறிப்பு முடிந்ததாக நிரல் எண்ணிவிடும். மிச்சம் வாக்கியத்தில் தொங்கும். 1950களில் ஸ்டீபன் கிளீனி வகுத்த ரெகுலர் எக்ஸ்பிரஷன், எழுத்துக் கோலங்களைத் தேட அருமையான கருவி. ஆனால் அடைப்புக்குள் அடைப்பு எத்தனை அடுக்கு வந்தாலும் எண்ணிப் பார்க்கும் திறன் அதன் அடிப்படை வடிவத்துக்கு இல்லை.

ஆகவே நிரல் ஒவ்வொரு எழுத்தாக நடக்க வேண்டும். '^[' கண்டதும் கணக்கு ஒன்று. உள்ளே '[' வந்தால் ஒன்று கூட்டு, ']' வந்தால் ஒன்று கழி. கணக்கு பூஜ்யமானால் குறிப்பு முடிந்தது. அதைப் பட்டியலில் சேர்த்து, வரியில் எண்ணை மட்டும் வை. கோப்பின் இறுதியில் பட்டியலை எழுது.

பிழையைக் காட்டிக்கொடுப்பதும் இந்தக் கணக்குதான். கோப்பு முடிந்தும் பூஜ்யம் வரவில்லையென்றால் எங்கோ ஓர் அடைப்பு மூடப்படவில்லை. குறிப்பு தொடங்கிய வரியின் எண்ணைச் சொல்லி நிரல் நின்றுவிட வேண்டும். ஊகித்து மூடக் கூடாது. ஆய்வுக் கட்டுரையில் ஒரு குறிப்பு தொலைவது ஒரு சான்று தொலைவதற்குச் சமம்.

விடையை எப்போதும் புதிய கோப்பில் எழுதுங்கள். திருத்தங்களை மூலக் கோப்பில் செய்து, நிரலை மறுபடி ஓட்டுங்கள். நூறு குறிப்புகளுக்கு நடுவே புதிதாக ஒன்றைச் செருகினாலும் எண்கள் தாமே வரிசையாகும்.