சாவடியில் கட்டாத கட்டணம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கிழக்குக் கரையில் நியூ ஜெர்ஸி என்றொரு சிறிய மாநிலம் உண்டு. அங்கே கார்டன் ஸ்டேட் பார்க்வே என்னும் நெடுஞ்சாலையில் 1990களில் கார் ஓட்டியவர்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. தொலைவில் சுங்கச்சாவடி தெரிந்ததும் வேகத்தைக் குறைப்பார்கள். ஒரு கையால் சில்லறையைத் துழாவுவார்கள். கண்ணாடியை இறக்கி, வாய் அகன்ற கூடை ஒன்றினுள் காசுகளை வீசுவார்கள். காசுகள் கலகலவென்று உருண்டு உள்ளே போகும். எந்திரம் எண்ணிப் பார்க்கும். பச்சை விளக்கு எரியும். கார் சீறிக்கொண்டு கிளம்பும். சில மைல்கள் போனால் மறுபடியும் ஒரு சாவடி, மறுபடியும் ஒரு கூடை!

வடக்கே நியூயார்க் மாநில எல்லையிலிருந்து தெற்கே கடற்கரை வரை ஏறத்தாழ 277 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சாலையில், இப்படிக் குறுக்கே நின்ற சாவடிகள் பத்துக்கும் மேல். ஒரு சாவடிக்குக் கட்டணம் 25 செண்டு. 1989ஆம் ஆண்டில் அது 35 செண்டாக உயர்ந்தது. ஓர் அமெரிக்கருக்கு அது தேநீர்க் காசுகூட அல்ல. ஆனால் ஒரு கார் அந்தச் சாவடியைக் கடக்க உண்மையில் ஆன செலவு 35 செண்டுதானா? இல்லையென்றால் மீதியைக் கொடுத்தவர் யார்? இதைத்தான் நாம் இங்கே கணக்குப் போட்டுப் பார்க்கப் போகிறோம்.

கண்ணுக்குத் தெரியும் செலவு

நியூ ஜெர்ஸியின் ஒரு பக்கம் நியூயார்க் நகரம். மறு பக்கம் ஃபிலடெல்ஃபியா. இரண்டு பெருநகரங்களுக்கு நடுவே கிடக்கும் இந்த மாநிலத்தின் வழியாகப் பிற மாநில வண்டிகள் ஓயாமல் போய்க்கொண்டிருக்கும். ஆகவே சாலை போடும் செலவை உள்ளூர்க்காரர்கள் மட்டும் ஏன் சுமக்க வேண்டும் என்ற எண்ணம் எழுந்ததில் வியப்பில்லை. 190 கிலோமீட்டர் நீளமுள்ள நியூ ஜெர்ஸி டர்ன்பைக் என்னும் பெருஞ்சாலையைக் கடன் பத்திரங்கள் விற்றுத் திரட்டிய பணத்தில் கட்டினார்கள். 1951ஆம் ஆண்டு நவம்பரில் அதன் முதல் பகுதி திறக்கப்பட்டது. சாலையில் போகிறவர்கள் தரும் கட்டணத்திலிருந்து கடனை அடைப்பது ஏற்பாடு.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. 2016ஆம் ஆண்டு வரை நியூ ஜெர்ஸியில் பெட்ரோல் மீதான மாநில வரி ஒரு காலனுக்கு 14.5 செண்டுதான். நாட்டிலேயே மிகக் குறைந்த வரிகளில் அதுவும் ஒன்று. பக்கத்து மாநிலத்திலிருந்து வருகிறவர், "அடடா, இங்கே பெட்ரோல் எவ்வளவு மலிவு!" என்று மகிழ்ந்திருப்பார். அங்கேயே வீடு வாங்கிக் குடியேறினால்தான் தெரியும், வீட்டு வரி நாட்டிலேயே மிக அதிகமான வரிகளில் ஒன்று என்பது. ஒரு மாநிலத்தில் வாழ ஆகும் செலவைப் பெட்ரோல் பங்கில் மட்டும் நின்று மதிப்பிட முடியாது. ஓரிடத்தில் குறைத்ததை வேறோர் இடத்தில் வாங்கிக்கொள்வார்கள். என்றாலும் இவையெல்லாம் ரசீதில் வரும் செலவுகள். கூட்டிப் பார்த்துவிடலாம்.

சரி, சாலையைத் தேய்ப்பவர் எவரோ அவரே அந்தத் தேய்மானத்துக்கான பணத்தையும் தருகிறாரா? இதை அளந்து பார்க்க 1950களில் ஒரு மாபெரும் சோதனை நடந்தது. நியூ ஜெர்ஸியில் அல்ல, இல்லினாய் மாநிலத்தில் ஒட்டாவா என்ற ஊருக்கருகே. பலவகைக் கனமுள்ள தார்ச்சாலைகளையும் சிமெண்டுச் சாலைகளையும் வளையம் வளையமாகப் போட்டு, 1958 முதல் 1960 வரை இரண்டாண்டுக் காலம் லாரிகளைச் சுற்றிச் சுற்றி ஓட்டினார்கள். ஓட்டியவர்கள் இராணுவ வீரர்கள். பதினொரு லட்சத்துக்கும் மேற்பட்ட முறை அச்சுகள் சாலைமீது ஏறி இறங்கிய பிறகு கிடைத்த விடை இதுதான்: சாலைக்கு ஏற்படும் சேதம், ஓர் அச்சின் மீதுள்ள சுமையின் ஏறத்தாழ நான்காம் அடுக்குக்கு ஏற்ப வளர்கிறது. சுமை இரண்டு மடங்கானால் சேதம் இரண்டு மடங்கல்ல. 2×2×2×2, அதாவது 16 மடங்கு! சுமை பத்து மடங்கானால் சேதம் பத்தாயிரம் மடங்கு!

ஒரு காரின் அச்சு முக்கால் டன்னைத் தாங்குகிறது, நிறையச் சரக்கேற்றிய லாரியின் அச்சு எட்டு டன்னைத் தாங்குகிறது என்று வைத்துக்கொண்டு நீங்களே பெருக்கிப் பாருங்கள். அச்சுக்கு அச்சு வேறுபாடு பத்தாயிரம் மடங்கைத் தாண்டிவிடும். டர்ன்பைக்கில் லாரிக்குக் கட்டணம் அதிகம்தான். ஆனால் காரைப்போல் சில மடங்கே அதிகம். லாரிக்காரரைக் குறை சொல்ல இதைக் கூறவில்லை. அவர் ஏற்றிவரும் அரிசியையும் மேசை நாற்காலியையும் வாங்குகிறவர்கள் எல்லோரும்தானே? கட்டணச் சீட்டில் அச்சிட்ட எண்ணும் உண்மையான செலவும் ஒன்றல்ல என்பதற்கு இது முதல் சான்று.

நின்று கிளம்பும் விலை

இப்போது கூடைக்குக் காசு வீசிய காருக்குத் திரும்புவோம்.

1,500 கிலோகிராம் எடையுள்ள கார் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. அதாவது வினாடிக்கு ஏறத்தாழ 28 மீட்டர். நிறையை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கிப் பாதியாக்கினால் இயக்க ஆற்றல் கிடைக்கும் என்று நீங்கள் படித்திருப்பீர்கள். விடை ஏறத்தாழ 5,80,000 ஜூல். சாவடியில் பிரேக்கை மிதித்ததும் இந்த ஆற்றல் முழுவதும் பிரேக்கில் வெப்பமாகிக் காற்றில் கலந்துவிடுகிறது. பச்சை விளக்கு எரிந்தபின் பழைய வேகத்தை எட்ட அவ்வளவு ஆற்றலையும் பெட்ரோலிலிருந்து புதிதாக எடுக்க வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 3.2 கோடி ஜூல் இருக்கிறது. ஆனால் எஞ்சின் அதில் கால் பங்கைத்தான் சக்கரத்துக்குக் கொடுக்கும். எனவே ஒருமுறை நின்று கிளம்ப ஏறத்தாழ 70 மில்லிலிட்டர், ஒரு சிறு தேநீர்க் குவளையளவு பெட்ரோல் தேவை. பத்துச் சாவடிகளில் நின்றால் முக்கால் லிட்டருக்குச் சற்றே குறைவு. வரிசையில் காத்திருக்கும்போது எஞ்சின் சும்மா ஓடிக் குடிக்கும் பெட்ரோல் இதில் சேராது. 20 டன் லாரி அதே வேகத்தில் வந்து நின்றால் வீணாகும் இயக்க ஆற்றல் இதைப்போல் 13 மடங்கு.

இந்தச் செலவும் ஓட்டுநரின் பையிலிருந்துதான் போகிறது; அவருக்குத் தெரியாமல் போகிறது, அவ்வளவுதான். ஆனால் எரிந்த பெட்ரோல் எங்கே போயிற்று? அதுதான் அடுத்த கேள்வி.

சீரான வேகத்தில் ஓடும் எஞ்சினில் பெட்ரோலும் காற்றும் அளவாகக் கலந்து ஏறக்குறைய முழுமையாக எரிகின்றன. சட்டென்று வேகமெடுக்க மிதிக்கும்போதோ பெட்ரோல் மிகுதியாகப் பாய்கிறது. அதற்குப் போதிய ஆக்ஸிஜன் கிடைப்பதில்லை. அரைகுறையாக எரிந்த பெட்ரோலிலிருந்து கார்பன் மோனாக்ஸைடு பிறக்கிறது. நிறமோ மணமோ இல்லாத நச்சு வாயு இது. நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் ஆக்ஸிஜனைவிட இதை 200 மடங்குக்கும் மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். இதனுடன் நைட்ரஜன் ஆக்ஸைடுகளும், நுரையீரலின் அடிவரை செல்லக்கூடிய நுண்துகள்களும் வெளிவருகின்றன. ஆயிரக்கணக்கான கார்கள் ஒரே இடத்தில் நின்று, ஒரே இடத்தில் சீறிக் கிளம்பினால் அந்த இடத்துக் காற்று எப்படி இருக்கும்? ஓட்டுநர் ஒரு நிமிடத்தில் போய்விடுவார். சாவடிக்கு அருகே குடியிருப்பவர் எங்கே போவார்?

ஒரு வில்லையும் ஓர் ஆராய்ச்சியும்

1993ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலத்தில் ஈஸிபாஸ் என்ற புதிய முறை தொடங்கியது. காரின் முன்கண்ணாடியில் தீப்பெட்டியை விடச் சற்றுப் பெரிய ஒரு வில்லையை ஒட்டிவிடுவார்கள். சாவடியிலுள்ள அலைவாங்கி ரேடியோ அலையை அனுப்பிக் கேட்கும். வில்லை தன் எண்ணைச் சொல்லும். அந்த எண்ணுக்குரிய கணக்கிலிருந்து பணம் கழிந்துவிடும். நம் நாட்டில் 2021 பிப்ரவரியிலிருந்து கட்டாயமாகிவிட்ட ஃபாஸ்டேகும் இதற்கு உறவுதான். ஈஸிபாஸ் வில்லைக்குள் ஒரு சிறு மின்கலம் இருக்கும். ஃபாஸ்டேகில் அதுவும் கிடையாது. வந்து மோதும் அலையிலிருந்தே தனக்கு வேண்டிய மின்சாரத்தை அது எடுத்துக்கொள்கிறது.

நியூ ஜெர்ஸியில் 1999 டிசம்பரில் பார்க்வேயிலும், 2000 செப்டம்பரில் டர்ன்பைக்கிலும் ஈஸிபாஸ் வந்தது. கார்கள் நிற்பது குறைந்தது. டர்ன்பைக் சாவடிகளில் தாமதம் 85 விழுக்காடு குறைந்ததாக 2001ஆம் ஆண்டு கணக்கிட்டார்கள். ஓட்டுநர்களின் நேரத்தை மிச்சப்படுத்தவே இதைக் கொண்டு வந்தார்கள். குழந்தைகளைப் பற்றி யாரும் நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஆனால் ஜேனட் கரி, ரீட் வாக்கர் என்ற இரு பொருளியல் அறிஞர்கள் நினைத்தார்கள். நெடுஞ்சாலைப் புகை உடல்நலத்தைக் கெடுக்கிறதா என்று கண்டறிவதில் ஒரு தொல்லை உண்டு. இரைச்சலும் புகையும் மிகுந்த சாலையோரத்தில் பெரும்பாலும் ஏழைகளே குடியிருப்பார்கள். அங்கே நோய் அதிகமென்றால் காரணம் புகையா, வறுமையா? யாரையும் பிடித்து வந்து புகையில் குடிவைத்துச் சோதிக்கவும் முடியாது. ஈஸிபாஸோ அந்தச் சோதனையைத் தானாகவே நடத்திக் கொடுத்துவிட்டது! சாலை அதே சாலை. வீடுகளும் அதே வீடுகள். ஒரு குறிப்பிட்ட நாளுக்குப் பிறகு சாவடியருகே மட்டும் புகை குறைந்தது. எனவே சாவடியிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் வாழ்ந்த தாய்மாரையும், அவ்விதமே நெடுஞ்சாலையோரத்தில், ஆனால் சாவடிக்கு 2 முதல் 10 கிலோமீட்டர் தள்ளி வாழ்ந்த தாய்மாரையும் அவர்கள் ஒப்பிட்டார்கள். இரு சாராரும் சாலைக்கு அருகில் இருப்பவர்களே. வேறுபாடு சாவடி ஒன்றுதான்.

ஏன் பிறந்த குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள்? ஐம்பது வயதுக்காரருக்கு நுரையீரல் நோய் வந்தால் அது எந்த ஊரில், எந்த ஆண்டு சுவாசித்த காற்றின் விளைவு என்று சொல்ல முடியாது. பிறக்கும் குழந்தையின் கதை ஒன்பது மாதக் கதை. அந்த ஒன்பது மாதமும் தாய் எங்கே இருந்தாள் என்பதைப் பிறப்புப் பதிவேட்டிலுள்ள முகவரி ஓரளவு காட்டிவிடும். தாயின் இரத்தத்தில் சேரும் கார்பன் மோனாக்ஸைடு கருவையும் எட்டுகிறது என்பது மருத்துவர்கள் முன்பே அறிந்த செய்தி.

நியூ ஜெர்ஸி, பென்சில்வேனியா ஆகிய இரு மாநிலங்களின் பிறப்புப் பதிவேடுகளை வைத்து அவர்கள் செய்த ஆய்வு 2011ஆம் ஆண்டு வெளிவந்தது. ஈஸிபாஸ் வந்தபின், தள்ளி வாழ்ந்தவர்களோடு ஒப்பிடும்போது சாவடிக்கு அருகில் வாழ்ந்த தாய்மாருக்குக் குறைமாதப் பிரசவம் 10.8 விழுக்காடு குறைந்திருந்தது. எடை குறைந்த குழந்தைகள், அதாவது இரண்டரைக் கிலோகிராமுக்கும் குறைவாகப் பிறப்பவர்கள், 11.8 விழுக்காடு குறைந்திருந்தார்கள்.

இதைச் சற்று நின்று படியுங்கள். காரை நிறுத்தாமல் போகவிட்டதால் குழந்தைகள் உரிய மாதத்தில், உரிய எடையோடு பிறந்தார்கள்! அப்படியென்றால் அதற்கு முந்தைய ஆண்டுகளில் கூடையில் விழுந்த ஒவ்வொரு 35 செண்டுக்கும் பின்னால், பிறக்காத குழந்தையிடமிருந்தும் ஏதோ ஒரு பங்கு வசூலாகியிருக்கிறது. எந்த வாயு எவ்வளவு கெடுதல் செய்தது என்று இந்த ஆய்வு பிரித்துக் காட்டவில்லை. ஆனால் நெரிசல் குறைந்ததும் கெடுதல் குறைந்தது என்பது தெளிவு.

ஆய்வில் இன்னொரு செய்தியும் இருந்தது. அதுதான் எனக்கு அதிக வியப்பைத் தந்தது. காற்று தூய்மையானால் அந்த இடத்தில் வீட்டு விலை ஏற வேண்டுமல்லவா? உடனடியாக அப்படி ஒன்றும் ஏறவில்லை. அங்கே குடியிருந்த தாய்மாரின் கல்வி, வயது போன்றவையும் மாறவில்லை. விலை மாறவில்லை என்றால், காற்று மாறியதை வாங்குகிறவரும் விற்கிறவரும் அப்போது கவனிக்கவில்லை என்றே நினைக்கத் தோன்றுகிறது. செலவு இருந்தபோதும் எவரும் அறியவில்லை, குறைந்தபோதும் அறியவில்லை.

வில்லை வந்ததால் எல்லோருக்கும் ஆதாயம் என்றும் சொல்லிவிட முடியாது. பென்சில்வேனியாவின் டர்ன்பைக்கில் 2020ஆம் ஆண்டு ரொக்க வசூலை அடியோடு நிறுத்தியபோது ஏறத்தாழ 500 பேர் வேலையிழந்தார்கள். நாள் முழுவதும் அந்தப் புகையை மிக அருகிலிருந்து சுவாசித்தவர்கள் சாவடிக் கூண்டில் உட்கார்ந்து பணம் வாங்கியவர்களே. புகை நீங்கியபோது அவர்கள் அங்கே இல்லை.

நியூ ஜெர்ஸி பார்க்வேயில் ரேடியோ அலை எதுவும் தேவைப்படாத ஒரு வேலையும் நடந்தது. 2004ஆம் ஆண்டு தொடங்கிச் சில ஆண்டுகளில், பெரும்பாலான சாவடிகளில் ஒரு திசையில் கட்டணத்தை இரு மடங்காக்கி, எதிர்த் திசையில் வசூலையே எடுத்துவிட்டார்கள். போகும்போது 35 செண்டும் வரும்போது 35 செண்டும் கொடுப்பதற்குப் பதில் ஒருவழியில் மட்டும் 70 செண்டு. போய்த் திரும்புகிறவர் தரும் பணம் ஒரு செண்டும் மாறவில்லை. நின்று கிளம்புவது மட்டும் பாதியாயிற்று. 1950களிலேயே இதைச் செய்திருக்கலாம். வேண்டியது ஒரு பெருக்கல் கணக்குத்தான்.