மாமியாரின் பிஸ்கட் டின்

மகளின் பிரசவத்துக்காக சிகாகோ போயிருந்தேன். பேத்திக்கு மூன்று மாதமானதும், "வீட்டுக்குள்ளேயே இருக்கீங்களே அத்தை" என்று மாப்பிள்ளை எங்களை அங்குள்ள பெரிய ஓவிய மியூசியத்துக்கு அழைத்துப் போனார். எனக்குப் படங்களைப் பற்றி என்ன தெரியும்? கால் கடுத்ததுதான் மிச்சம்.

ஓரிடத்தில் மட்டும் நின்றுவிட்டேன். கண்ணாடி போட்ட சின்னச் சின்ன மரப்பெட்டிகள். உள்ளே எல்லாம் நம் வீட்டு மேஜை டிராயரில் கிடக்கிற மாதிரி சாமான்கள்தான். ஒரு பெட்டியில் வரிசையாக வட்டத் துளைகள், துளைக்குள் வெட்டி ஒட்டிய பறவைப் படங்கள். மேலே பந்தைப் போட்டால் உருண்டு உருண்டு மணியடித்துக்கொண்டே கீழே வருமாம்.

செய்தவர் ஜோசப் கார்னெல். 1903ல் பிறந்தவர். ஓவியப் பள்ளிப் பக்கமே போனதில்லை. துணி வியாபாரத்தில் விற்பனையாளராக இருந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நியூயார்க்கில் ஒரு சின்ன வீட்டில் அம்மாவோடும், மூளை முடக்குவாதம் வந்த தம்பி ராபர்ட்டோடும் இருந்து, தம்பியைக் கவனித்துக்கொண்டார். வீடு அடங்கிய பிறகு சமையலறை மேஜையில் உட்கார்ந்து பெட்டி செய்வாராம். கோலிக்குண்டு, கார்க், கடிகார ஸ்பிரிங், தபால்தலை, சோப்புக் குமிழி ஊதும் மண் குழாய், எதையும் விடமாட்டார். பெட்டி பழசாகத் தெரிய, பெயிண்ட் அடித்து அடுப்பு அவனிலேயே வைத்துச் சுடுவாராம்! அந்த அம்மா என்ன பாடு பட்டாரோ. 1940ல் ஒரு நாட்டியக்காரியின் நினைவாக அவர் செய்த நகைப்பெட்டியில் இருப்பது சல்லிசுக் கடையில் வாங்கிய கண்ணாடி மாலை. அது இன்று நியூயார்க் மியூசியத்தில் இருக்கிறது.

மகள் இதையெல்லாம் சொல்லிக்கொண்டே வர, எனக்கு அந்த மணியிலேயே மனசு நின்றுவிட்டது.

என் மாமியார் ஒரு பிஸ்கட் டின் வைத்திருந்தார். துருப்பிடித்தது. உள்ளே ஒற்றைக் கம்மல், ஓட்டைக் காலணா, சட்டைப் பித்தான், தையல் மெஷின் பாபின், சோழி, குன்றிமணி. யாரையும் தொட விடமாட்டார். "குப்பையைச் சேர்த்து வச்சிருக்காங்க" என்று எத்தனை நாள் முணுமுணுத்திருப்பேன்! அவர் போன வருடம், போகிக்கு வீட்டை ஒழித்தபோது அந்த டின்னைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டேன். ஒரு பிளாஸ்டிக் மக் கொடுத்தார்.

திதிக்கு வந்த நாத்தனார் முதலில் கேட்டதே அந்த டின்னைத்தான். சொன்னதும் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "அதுல சின்னதா ஒரு கொலுசு மணி இருந்துச்சே அண்ணி. அண்ணனுக்கு முன்னாடி பொறந்து எட்டு மாசத்துல போன புள்ளையோடது."

இருபத்திரண்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தும் அப்படி ஒரு குழந்தை பிறந்ததே எனக்குத் தெரியாது. என் கணவருக்குத் தெரியும். "அம்மா அதைப் பத்திப் பேச மாட்டாங்க" என்றார். அன்று எனக்கு வந்தது கோபம். 'முன்னமே சொன்னால் என்ன?' என்று அவர்களிடம்தான் சண்டை போட்டேன். தப்பு செய்துவிட்டேன் என்று மட்டும் வாயில் வரவில்லை.

கார்னெல் 1972ல், தன் கடைசி வருடத்தில், குழந்தைகளுக்கென்றே ஒரு கண்காட்சி வைத்தாராம். பெட்டிகளை அவர்கள் கண்ணுக்கு நேராகத் தாழ்வாக வைத்து, வந்த பிள்ளைகளுக்கு கேக்கும் குடிக்க கலரும் கொடுத்தாராம். மகள் இதைச் சொன்னபோது நான் பேசவில்லை. கண்ணில் தூசி என்று சொல்லி வெளியே வந்துவிட்டேன்.

அன்று ராத்திரியே மதுரைக்குப் போன் போட்டு, நாத்தனாரிடம் அத்தனை வருடம் கழித்து மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "தாயம் விளையாட நான் எடுத்துட்டு வந்த சோழி ஆறு, அம்மா டின்னுல இருந்ததுதான் அண்ணி. வரும்போது மூணு உங்களுக்குத் தரேன்" என்றார்.

அடுத்த மாதம் வருகிறார்.

- ஒரு வாசகி, கும்பகோணம்.