பெரிய வீட்டுக்குப் போகலாமா?

குடியிருக்கும் வீடு சிறியது என்று தோன்றும் நாள் பெரும்பாலான குடும்பங்களில் வருவதுண்டு. ஊரிலிருந்து மாமியார் வந்தால் கூடத்தில் படுக்கை விரிக்க வேண்டியிருக்கிறது. தொட்டில் கட்ட இடம் எங்கே என்ற கேள்வியும் எழுந்துவிட்டால், பேச்சு வீடு வாங்குவதில்தான் போய் நிற்கும்.

சென்னைக்குத் தெற்கே குரோம்பேட்டையில் 15,000 ரூபாய் வாடகையில் வாழும் தம்பதியரை வைத்துக் கணக்கிடுவோம். கணவர் சம்பளம் 50,000. மனைவி சம்பளம் 40,000. அவர்கள் விரும்புவது பழைய அடுக்குமாடி ஒன்றில் இரண்டு படுக்கையறை வீடு. விலை 50 லட்சம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டு மதிப்பில் 80 விழுக்காடே வரம்பு என்பது ரிசர்வ் வங்கியின் விதி. எனவே கடன் 40 லட்சம், கைப்பணம் 10 லட்சம். சேமிப்பு 10 லட்சத்தை எட்டியதும் மகிழ்பவர் பலர் பத்திரச் செலவை மறந்துவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் ஒருவர் குடியிருந்த வீட்டை வாங்கினால் முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. இதுவே நாலரை லட்சம். இதற்கு வங்கிக் கடனை எதிர்பார்ப்பதற்கில்லை.

ஆண்டுக்கு எட்டரை விழுக்காடு வட்டியில் 20 ஆண்டுக் கடன் என்று கொண்டால், மாதத் தவணை 34,713 ரூபாய். முதல் மாதம் இதில் 28,333 வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது 6,380 மட்டுமே. அந்த வட்டியும் நிலையானதன்று. 2022 மே மாதத் தொடக்கத்தில் 4 விழுக்காடாக இருந்த ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம், 2023 பிப்ரவரியில் ஆறரை ஆயிற்று. நம் தம்பதியர் கடன் வாங்கிய உடனே அதே அளவு ஏற்றம் வருமானால், தவணை 41,288 ஆகும். அல்லது கடன் முடியும் ஆண்டு தள்ளிப்போகும்.

இருவர் சம்பளமும் சேர்ந்து 90,000 என்பதால் வங்கி தயங்காமல் கடன் தரக்கூடும். வங்கி பார்ப்பது இன்றைய வருமானத்தை. தொட்டிலுக்காகத்தானே வீடு தேடினோம்? பேறுகால விடுப்புக்குச் சட்டம் 26 வாரச் சம்பளத்தை உறுதி செய்கிறது. அதுவும் பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களில். அதன்பின் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளின்றித் தாய் ஆறு மாதம் சம்பளமில்லாமல் வீட்டிலிருக்க நேர்ந்தால் என் செய்வது? ஒரு சம்பளத்தில் தவணை போக மிஞ்சுவது 15,287 ரூபாய். பராமரிப்புத் தொகையும் கோடையில் தண்ணீர் லாரியும் இதிலேயே அடங்க வேண்டும். இந்த மாதங்களைத் தாங்கும் சேமிப்பு, பத்திரச் செலவுக்கும் அப்பால், தனியே இருந்தாக வேண்டும். அஃது இல்லையேல் வாங்குவதை ஒத்திவைப்பதே என் யோசனை.

அதுவரை பெரிய வாடகை வீடும் ஒரு வழிதான். ஆனால் முன்பணம் இடிக்கும். வேறு உடன்பாடு இல்லாதபோது மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கலாகாது என்கிறது 2017ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம்; சென்னை வீட்டுக்காரர் பலர் பத்து மாதம் கேட்டுப் பழகியவர்கள்.

முடிவெடுக்குமுன் ஓர் ஒத்திகை பார்க்கலாம். தவணையும் பராமரிப்புக்கு 4,000 ரூபாயும் சேர்ந்து 38,713. இதில் இப்போதைய வாடகையைக் கழித்தால் 23,713. இத்தொகையைச் சம்பளம் வந்த அன்றே வேறொரு கணக்கில் போட்டு, ஆறு மாதம் தொடாமல் வாழ்ந்து பார்க்கட்டும். வெற்றி பெற்றால் 1,42,278 ரூபாய் பத்திரச் செலவுக்கு ஆயிற்று. இடையில் எடுக்க நேர்ந்தால், எதற்காக எடுத்தோம் என்பதைத் தேதியிட்டுக் குறித்துவைக்க வேண்டும். தீபாவளிப் புடவைக்கா, தந்தையின் கண் சிகிச்சைக்கா என்பது அதில் இருக்கும். விலை பேசப் புறப்படும் நாளில் கணவனும் மனைவியும் அந்தக் குறிப்பை எதிரே வைத்துக்கொண்டு பேசலாம்.